அடைத்த காதில்தான் அதிகம் கேட்கும், தெரியுமா?

உடனே ஒரு காரியம் செய்து பாருங்கள். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்…’ என்று ஒரே சுருதியில் இழுங்கள். இழுத்தபடியே வலது காதை மட்டும் விரலால் அழுத்தி அடையுங்கள். என்ன ஆயிற்று? சத்தம் குறைந்திருக்க வேண்டுமே! குறையவில்லை, கூடிவிட்டது. அதுவும் அடைத்த காதுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு ரீங்காரம் போடுகிறது. விரலை எடுங்கள், பழையபடி தலைக்கு நடுவே வந்துவிடும். இடது காதை அடையுங்கள், அந்தப் பக்கம் ஓடும்!

காசு செலவில்லாத இந்த விளையாட்டுக்குள் பெரிய மருத்துவ உண்மை ஒன்று இருக்கிறது. உள்காதுக்கு ஒலி இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த காற்று வழி: காதுமடல், துளை, செவிப்பறை, நடுக்காது எலும்புகள். இன்னொன்று மண்டையோட்டு எலும்பின் வழி. உங்கள் விரல் அடைத்தது காற்று வழியை மட்டும்தான். எலும்பு வழியாக வந்த அதிர்வு வெளியே தப்பிக்க முடியாமல் அங்கேயே தங்கிவிட, அந்தக் காதில் ஒலி பெரிதாகக் கேட்கிறது.

இப்போது யோசியுங்கள். விரலுக்குப் பதிலாகக் குறும்பி அடைத்திருந்தால்? செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால்? பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால்? உள்ளே இருக்கும் குட்டி எலும்பு ஒன்று அசையாமல் இறுகிப்போயிருந்தால்? அப்போதும் இதே கதைதான். வழி அடைபட்டிருக்கிறது, ஆனால் உள்காதும் நரம்பும் நல்லபடியாகவே இருக்கின்றன! கடத்தல் வகைக் காது கேளாமை என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். காது கேளாமைகளிலேயே மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ பெரும்பாலும் சரிசெய்துவிடக்கூடிய வகை இது. அது தெரியாமலேயே எத்தனை பேர் ‘எனக்குக் காது அவ்வளவுதான்’ என்று பேச்சுக் கச்சேரியிலிருந்து ஒதுங்கிப்போகிறார்கள்! அவர்கள் வீட்டில் ஒருவராவது இதைப் படிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இத்தனை அதிசயங்களையும் ஒன்றாகத் திரட்டினேன்.

உங்கள் காதுக்குள் தாடை எலும்பு இருக்கிறது, தெரியுமா?

பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த மூன்று பேர் நினைவிருக்கிறதா? சுத்தி, பட்டடை, அங்கவடி. இவற்றில் சுத்தியும் பட்டடையும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு தாடையைச் சேர்ந்தவையாக இருந்தன! ஊர்வனவற்றில் மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேரும் மூட்டில் இருக்கும் இரண்டு எலும்புகள்தாம் பாலூட்டிகளில் சிறுத்து, நகர்ந்து, நடுக்காதுக்குள் குடிபுகுந்தன. இதை 1837-லேயே கருக்களைப் பிரித்து ஆராய்ந்து எடுத்துச் சொன்னவர் ஜெர்மனியின் கார்ல் ரைஹர்ட். டார்வினின் புகழ்பெற்ற புத்தகம் வருவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பு! இன்றைக்கும் தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவில் சுத்தியும் பட்டடையும் தாடையை உண்டாக்கும் அதே குருத்தெலும்பிலிருந்துதான் உருவாகின்றன.

மூன்றாவதான அங்கவடி, உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், எடை சுமார் 3 மில்லிகிராம். இன்னொரு அதிசயம்: பிறந்த குழந்தையின் காதில் இந்த மூன்று எலும்புகளும் ஏற்கெனவே பெரியவர்களின் அளவில்தான் இருக்கும். பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே சைஸ்!

இவ்வளவு நுட்பமான ஏற்பாடு எதற்கு? உள்காதுக்குள் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேராகத் திரவத்தின் மேல் மோதினால் 1,000 பங்கில் 999 பங்கு திரும்பிப் போய்விடும். குளத்தில் முங்கியிருக்கும்போது கரையில் கூப்பிடுவது கேட்காமல் போவது அதனால்தான். அந்தப் பாழாய்ப்போகும் பங்கை மீட்பதுதான் நடுக்காதின் வேலை. பலகையின் மேல் சுத்தியலால் அடித்தால் ஒன்றும் ஆகாது. அதே அடியை ஆணியின் தலையில் அடித்தால் முனை இறங்கிவிடும் அல்லவா? செவிப்பறையில் அதிரும் பரப்பு ஏறக்குறைய 55 சதுர மில்லிமீட்டர். அங்கவடியின் அடித்தட்டோ 3 சதுர மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பெரிய பரப்பில் வாங்கிய விசை முழுவதும் சிறிய பரப்பில் இறங்குவதால் அழுத்தம் 17 மடங்கு. எலும்புகளின் நெம்புகோல் கணக்கையும் சேர்த்தால் 22 மடங்கு! பேட்டரி இல்லை, கரண்ட் இல்லை. மிக மெல்லிய ஒலி ஒன்றைக் கேட்கும்போது செவிப்பறை அசையும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவைவிடக் குறைவு என்றால் நம்ப முடிகிறதா?

அதனால்தான் இந்தப் பாதையில் எது கெட்டாலும் கேட்பது மங்குகிறது. ஆனால் நன்றாகக் கவனியுங்கள், மங்கத்தான் செய்யும், ஒரேயடியாக அணைந்துவிடாது. வழி முழுக்க அடைபட்டாலும் ஏறத்தாழ 60 டெசிபல் அளவோடு இழப்பு நின்றுவிடும். அதற்கு மேற்பட்ட ஒலி எலும்பு வழியாகவே உள்ளே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

குறும்பி தானே நடந்து வெளியே வரும், தெரியுமா?

காதுத் துளையின் தோலுக்கு உடம்பில் வேறெங்கும் இல்லாத ஒரு பழக்கம் உண்டு. அது நடக்கும்! செவிப்பறையின் நடுவில் புறப்படும் தோல் செல்கள், ஏறத்தாழ நகம் வளரும் வேகத்தில், ஓரம் நோக்கியும் பிறகு துளையின் வாசல் நோக்கியும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. குறும்பியும் தூசியும் அதன் முதுகிலேறி வெளியே வந்துவிடுகின்றன. நாம் வாய் அசைத்துச் சாப்பிடுவதும் இதற்கு உதவி. அதாவது காது தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? பட்ஸ், ஹேர்பின், ஊக்கு, தீக்குச்சி, வண்டிச் சாவி, கோழி இறகு! பட்ஸின் நுனியில் கொஞ்சம் அழுக்கு ஒட்டி வந்ததும் காது சுத்தமாகிவிட்டதாக ஒரு திருப்தி. வெளியே வந்தது கொஞ்சம், இடித்து உள்ளே தள்ளியது நிறைய. அது செவிப்பறைக்குப் பக்கத்தில் கட்டிதட்டிப் போய், ஒருநாள் தலைக்குக் குளித்ததும் ஊறி உப்பி ‘டப்’பென்று காதை அடைத்துவிடும்.

குறும்பி அழுக்கு என்று யார் சொன்னது? அது தோலை வறளவிடாமல் காக்கிறது, தண்ணீரை ஒட்டவிடாமல் செய்கிறது, பூஞ்சைக்கும் கிருமிக்கும் இடம் கொடுப்பதில்லை. உங்கள் குறும்பி பிசுபிசுப்பா, உதிரியா என்பதைத் தீர்மானிப்பதுகூட ஒரேயொரு மரபணு. கிழக்கு ஆசியர்களில் பெரும்பாலோருக்கு உலர்ந்த உதிரிக் குறும்பிதான். இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

நீலத் திமிங்கிலத்தின் குறும்பி தெரியுமா? அது வெளியே வருவதே இல்லை. வாழ்நாள் முழுக்க அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். கலிபோர்னியா கடலோரம் கப்பல் மோதி இறந்த ஒரு திமிங்கிலத்தின் காதிலிருந்து எடுத்த குறும்பிக் கட்டியின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர்! அதை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்து, அந்த 12 வயது ஆண் திமிங்கிலம் எப்போது பருவமடைந்தது, எப்போது மன அழுத்தத்தில் இருந்தது, தாயிடமிருந்து எந்தெந்த ரசாயன நச்சுகள் அதற்கு வந்தன என்பதையெல்லாம் அமெரிக்க விஞ்ஞானிகள் 2013-ல் வெளியிட்டார்கள்.

நம் குறும்பி கட்டிப்பட்டுவிட்டால் சிகிச்சை எளிது. இளக்குவதற்குச் சில நாள் சொட்டுமருந்து, அப்புறம் டாக்டர் கையால் உறிஞ்சியெடுப்பது அல்லது நீர் பீய்ச்சிக் கழுவுவது. அந்த நீர் உடம்புச் சூட்டில்தான் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், அங்கேயும் ஒரு நோபல் பரிசு நிற்கிறது! வியன்னாவில் காது கழுவிக்கொண்டிருந்த ராபர்ட் பாரனி என்ற இளம் டாக்டர், தண்ணீர் குளிர்ந்திருந்தால் நோயாளிக்குத் தலை சுற்றுவதையும் கண்கள் ஒரு பக்கமாகத் துடிப்பதையும் கவனித்தார். சூடு அதிகமானால் அதே துடிப்பு எதிர்ப்பக்கம்! உடம்பின் சமநிலையை உள்காது எப்படிக் காக்கிறது என்பதை அதிலிருந்தே பிடித்தார். 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் அவருக்கு அறிவிக்கப்பட்டபோது ஆள் எங்கே இருந்தார் தெரியுமா? ரஷ்யாவில், போர்க் கைதியாக!

ஒரு இசைக்கவை ஒரே நிமிஷத்தில் உண்மையைச் சொல்லிவிடும், தெரியுமா?

1711-ல் ஜான் ஷோர் என்ற இங்கிலாந்து எக்காளக் கலைஞர் சுருதி சேர்ப்பதற்காகச் செய்த இரும்புக் கவை, இன்றைக்கும் உலகத்தின் எல்லா ஈ.என்.டி. டாக்டர்களின் மேசையிலும் கிடக்கிறது. பெரும்பாலும் 512 ஹெர்ட்ஸ் கவை. தட்டி அதிரவிட்டு நெற்றி நடுவில் வைப்பார்கள். ஆரம்பத்தில் நீங்கள் முனகிப் பார்த்தீர்களே, அதே சோதனைதான்! எர்ன்ஸ்ட் வேபர் 1834-ல் எழுதிவைத்தது. வழி அடைபட்ட காது என்றால் ஒலி அந்தக் கேளாத காதுப் பக்கமே சாயும். நரம்புக் கோளாறு என்றால் நல்ல காதுப் பக்கம் ஓடும். அடுத்து, கவையின் அடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஊன்றுவார்கள், பிறகு துளைக்கு நேரே காற்றில் பிடிப்பார்கள். நல்ல காதுக்குக் காற்றில்தான் கூடுதலாகக் கேட்கும். எலும்பில்தான் கூடுதல் என்று நோயாளி சொன்னால், கோளாறு நடுவழியில் என்று அர்த்தம். இது ஹைன்ரிஷ் ரின்னே 1855-ல் சொன்னது. ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை!

இந்தச் சோதனையின் அருமை இன்னொரு இடத்தில் தெரியும். காலையில் எழுந்ததும் திடீரென ஒரு காது கேட்கவில்லை என்றால் ‘அழுக்கு அடைத்திருக்கும், சளியாக இருக்கும்’ என்று எண்ணெய் விட்டுக்கொண்டு நாளைக் கடத்துகிறவர்கள் அநேகம். அது உள்காது நரம்பின் திடீர்ப் பாதிப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கவையை நெற்றியில் வைத்த மாத்திரத்தில் கோளாறு வழியிலா, நரம்பிலா என்பது தெரிந்துவிடும்.

எலும்பு வழிக் கேட்டலை வைத்து மனிதர்கள் செய்திருக்கும் வித்தைகள் கொஞ்சநஞ்சமல்ல. கிராமபோனுக்கு முன்னோடியான ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்த எடிசனுக்குக் காது மந்தம். மரப்பெட்டியைப் பற்களால் கடித்துக்கொண்டு இசை கேட்பார்! சிகாகோவில் ரிச்சர்ட் ரோட்ஸ் என்பவர் 1879-ல் விசிறி வடிவத்தில் ஒரு கேட்கும் கருவிக்கு உரிமம் வாங்கினார். விசிறியின் விளிம்பை மேல்பற்களில் ஊன்றிக்கொண்டால் எதிரே பேசுவது பல் வழியாக உள்காதுக்குப் போகும். பார்ப்பவர்களுக்கு அம்மா விசிறிக்கொள்கிறார் என்றுதான் தோன்றும்.

‘கவனிக்காத பிள்ளை’யின் காதில் பசை இருக்கலாம், தெரியுமா?

இந்தப் பகுதியைப் பெற்றோரும் ஆசிரியர்களும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது. நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது ஒரு கணம் திறந்து காற்றை உள்ளே விடும். விமானம் இறங்கும்போது மிட்டாய் சப்பச் சொல்வதும், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். பெரியவர்களுக்கு இந்தக் குழாய் சரிவாக இறங்கும். குழந்தைகளுக்கோ குட்டையாக, ஏறக்குறைய படுக்கை வாட்டத்தில் இருக்கும். சளி பிடித்தால் சட்டென்று அடைத்துக்கொள்ளும். உள்ளே சிக்கிய காற்றை உடம்பு உறிஞ்சிவிட, அந்த இடத்தில் நீர் ஊறும். நாளாக ஆகக் கோந்து மாதிரி கெட்டிப்பட்டும் போகும். பத்து வயதுக்குள் பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேருக்கு ஒருமுறையாவது இப்படி நீர் கோத்திருக்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். எட்டுப் பேருக்கு!

வலி இருக்காது. காய்ச்சல் இருக்காது. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. கேட்கும் திறன் ஏறத்தாழ 25, 30 டெசிபல் குறைந்திருக்கும். காதை இறுக்கிப் பொத்திக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். பக்கத்தில் பேசினால் கேட்கும், பின்பெஞ்சில் பாதிதான் கேட்கும். அதிலும் ‘ஸ’, ‘ச’, ‘ப’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிப்போகும். பிள்ளை டிவி சத்தத்தைக் கூட்டும், கூப்பிட்டால் திரும்பாது, சொன்னதையே திரும்பக் கேட்கும், டிக்டேஷனில் தப்பு விடும். நாம் என்ன பட்டம் கொடுக்கிறோம்? திமிர், கவனமில்லை, மந்தம். அடிகூட விழுகிறது. மனசு பொறுக்கவில்லை. தயவுசெய்து மதிப்பெண் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் காதைப் பாருங்கள்!

பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். அதுவரை டாக்டரின் கண்காணிப்பில் பொறுத்திருப்பதே சரியான வைத்தியம். அந்த நாட்களில் பிள்ளையை முன்வரிசையில் உட்காரவைப்பது, முகம் பார்த்துப் பேசுவது இரண்டும் பெரிய உதவி. மூன்று மாதம் தாண்டியும் நீர் வடியாமல், கேட்பதும் குறைந்தே இருந்தால் இருக்கிறது குரோமெட்! நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவே துளையுள்ள பிளாஸ்டிக் வளையம். விரல்நுனியில் வைத்தால் மூச்சுக்காற்றில் பறந்துவிடும். செவிப்பறையில் சின்னதாகக் கீறி, நீரை உறிஞ்சிவிட்டு, அந்த வளையத்தைச் செருகிவிடுவார்கள். மூக்கு வழியாக வர வேண்டிய காற்று இனி இந்த வளையம் வழியாக வரும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வளையம் தானே கழன்று விழும். முன்பு சொன்னேனே, நடக்கும் தோல், அதுதான் அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது! வியன்னாவின் ஆடம் போலிட்சர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த யோசனையைப் பரீட்சித்துப் பார்த்தார். அமெரிக்காவின் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் 1954-ல் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்த பிறகுதான் உலகமெங்கும் பரவியது.

பிளவண்ணத்தோடு பிறந்த பிள்ளைகளுக்கு அநேகமாக எல்லோருக்குமே இந்த நீர்க்கோவை வரும். அண்ணத்தின் தசைதான் அந்தக் குழாயைத் திறக்க வேண்டும் என்பதால். அவர்களுக்கு அண்ணம் தைப்பதோடு வேலை முடிந்துவிடாது, காதையும் தொடர்ந்து பார்த்தாக வேண்டும். வீட்டுக்குள் யாராவது புகைபிடித்தாலும் இந்தத் தொல்லை கூடும்.

5,300 ஆண்டுகளுக்கு முன்பே காது ஆபரேஷன், தெரியுமா?

ஸ்பெயின் நாட்டின் புர்கோஸ் வட்டாரத்தில் ஒரு பெருங்கற்காலக் கல்லறையில் ஒரு பெண்ணின் மண்டையோடு கிடைத்தது. இரண்டு காதுக்குப் பின்னாலும் எலும்பைச் சுரண்டித் திறந்திருக்கிறார்கள்! விளிம்புகளில் எலும்பு மறுபடி வளர்ந்திருந்தது. அதாவது ஆபரேஷனுக்குப் பிறகும் அந்தப் பெண் உயிரோடு இருந்திருக்கிறார். கல்லால் செய்த கத்தியை வைத்துக்கொண்டு, இன்றைய மயக்க மருந்து எதுவும் இல்லாமல்! 2022-ல் வெளியான இந்த ஆய்வு, நமக்குத் தெரிந்த மிகப் பழைய காது அறுவை சிகிச்சை இதுவாகத்தான் இருக்கும் என்கிறது.

காதில் சீழ் என்றால் அந்தக் காலத்தில் உயிருக்கே உலை. டப்ளினில் காது மருத்துவத்துக்காகவே பேர்போன சர் வில்லியம் வைல்ட், 1853-ல் காது அறுவை பற்றி ஒரு முக்கியமான நூல் எழுதினார். காதுக்குப் பின்னால் சீழ் கட்டினால் கீறிவிடும் முறைக்கு அவர் பெயரே வழங்கியது. அடுத்த ஆண்டு பிறந்த அவர் மகன்தான் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட். அந்த மகன் 1900-ல் பாரிஸில் 46 வயதில் இறந்தது எதனால் தெரியுமா? காதில் தொடங்கி மூளை உறைக்குப் பரவிய நோயால்!

இன்று ஆன்டிபயாடிக் இருக்கிறது, நுண்நோக்கி இருக்கிறது. ஆனாலும் சீழ் வடியும் காதோடு வருஷக்கணக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, பச்சிலைச் சாறு எதையும் ஓட்டை விழுந்த காதுக்குள் விடவே கூடாது. அது ஓட்டை வழியாக நேரே நடுக்காதில் இறங்கும். சீழோடு கெட்ட நாற்றமும் இருந்தால் இன்னும் அவசரம். தோல் உள்நோக்கி வளர்ந்து பையாகத் திரண்டு குட்டி எலும்புகளையே அரித்துத் தின்றுவிடும் ஒரு வகை உண்டு. முகத்தின் நரம்பையும் மூளையையும்கூட அது விட்டுவைக்காது. அதற்கு ஆபரேஷன் ஒன்றுதான் வழி.

கன்னத்தில் அறைவது பற்றியும் சொல்லியாக வேண்டும். கை காதின் மேல் பட்டால் துளைக்குள் இருக்கும் காற்று ஒரே அடியாக அழுந்தி, 0.1 மில்லிமீட்டர் தடிமனே உள்ள செவிப்பறை கிழிந்துவிடும். அப்படிக் கிழிந்தவை பெரும்பாலும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். மூடாத ஓட்டைக்கு ஒட்டுப் போடுவார்கள். எதை வைத்துத் தெரியுமா? காதுக்கு மேலே, நாம் மெல்லும்போது துடிக்கும் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து ஒரு துண்டு! காயவைத்தால் காகிதம் போல விறைப்பாக நிற்கும் அதை அளவாக வெட்டி ஓட்டையின் அடியில் செருகுவார்கள். அதன் மேல் புதுத் தோல் ஓடிப் படர்ந்து செவிப்பறையாகவே ஆகிவிடும். 1640-லேயே மார்க்கஸ் பான்ட்சர் என்ற ஜெர்மானியர் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலைச் சின்னக் குழாயில் கட்டி உள்ளே வைத்துப் பார்த்திருக்கிறார். 1950-களில் ஜெர்மனியின் வுல்ஸ்டைனும் ட்சோல்னரும் நுண்நோக்கியின் கீழ் செவிப்பறையையும் எலும்புச் சங்கிலியையும் சீரமைக்க வகுத்த முறைகள்தாம் இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம்.

இந்த ஆபரேஷன் முடிந்த சிலர், ‘நாக்கில் ஒரு பக்கம் இரும்பு ருசி அடிக்கிறது’ என்று வந்து நிற்பார்கள். பயப்பட வேண்டாம். நாக்கின் ருசியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு ஒன்று செவிப்பறைக்குப் பின்னால், சுத்திக்கும் பட்டடைக்கும் நடுவே புகுந்துதான் போகிறது! ஆபரேஷனில் அது சற்று இழுபட்டால் ருசி மாறும். பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும்.

மேளம் அடித்தால்தான் கேட்கும் பெண், தெரியுமா?

1672-ல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் ஒரு விசித்திரத்தை எழுதிவைத்தார். ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது. ஆனால் அறைக்குள் மேளம் அடித்தால் பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்கும்! அவள் கணவர் மேளம் அடிப்பதற்கென்றே ஒரு வேலைக்காரரை வைத்துக்கொண்டார், மனைவியோடு பேசுவதற்காக.

மந்திரமா? இல்லை. சத்தமான இடத்தில் நாம் எல்லோரும் நம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுகிறோம். நல்ல காதுள்ளவர்களுக்கு அந்தச் சத்தமும் சேர்ந்து கேட்டுத் தொல்லை செய்யும். வழி அடைபட்ட காதுக்கோ மேளச் சத்தம் மங்கிவிடுகிறது, உயர்த்திய குரல் மட்டும் உள்ளே வந்துவிடுகிறது. ‘பஸ்ஸில் போகும்போது நன்றாகக் கேட்கிறது, வீட்டில்தான் கேட்கவில்லை’ என்று சொல்லும் அத்தையை யாரும் கேலி செய்யாதீர்கள். அவர் சொல்வது மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது! இன்னொரு அடையாளமும் உண்டு. இவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். எலும்பு வழியாகத் தன் குரல் தனக்குப் பெரிதாகக் கேட்பதே காரணம். நரம்புக் கோளாறு உள்ளவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் சத்தம் போட்டுப் பேசுவார்கள்.

இப்படிச் சத்தத்துக்கு நடுவே நன்றாகக் கேட்கவைக்கும் ஒரு நோயில் அங்கவடி எலும்பின் அடித்தட்டைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்து அதை அசையவிடாமல் பூட்டிவிடுகிறது. இளம் வயதில் மெல்லத் தொடங்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், குடும்பத்திலும் தொடர்ந்து வரும். 3 மில்லிமீட்டர் எலும்பு பூட்டிக்கொண்டதற்கு ஒரு மனுஷியின் பேச்சுலகமே பூட்டிப்போகிறது.

பூட்டைத் திறக்க மனிதர்கள் பட்ட பாடு ஒரு நாவலுக்குக் காணும். லண்டனின் ஜோசப் டாயின்பீ ஏறத்தாழ 2,000 காதெலும்புகளை அறுத்துப் பார்த்து, அங்கவடி இறுகுவதும் காது கேளாமைக்குக் காரணம் என்று நிறுவினார். அவரே 1866-ல் காது இரைச்சலுக்கு மருந்து தேடித் தன் மேல் சோதனை செய்துகொண்டு, குளோரோஃபார்மும் ஹைட்ரோசயனிக் அமிலமும் முகர்ந்து உயிர்விட்டார். 1870-களில் யோஹன்னஸ் கெஸ்ஸல் அங்கவடியை அசைத்தும் அகற்றியும் பார்த்தார். ஆனால் 1900-ஐ ஒட்டி ஐரோப்பாவின் பெரிய காது மருத்துவர்களே ஆபத்தான வேலை என்று கண்டிக்க, அரை நூற்றாண்டு அந்த எலும்பைத் தொட ஆளில்லை.

பிறகு 1952. நியூயார்க்கில் சாமுவேல் ரோசன் வேறொரு ஆபரேஷனுக்கு முன்னால், அங்கவடி இறுகித்தான் இருக்கிறதா என்று கருவியால் லேசாக அழுத்திப் பார்க்கிறார். காதுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் நோயாளி விழித்தபடி இருக்கிறார். திடீரென்று அவருக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது! எலும்பு அசைந்து கொடுத்துவிட்டது. ஆனால் அப்படி அசைத்துவிட்டவை பல மறுபடியும் பூட்டிக்கொண்டன. 1956 மே 1 அன்று மெம்ஃபிஸ் நகரில் ஜான் ஷே என்ற இளம் டாக்டர் துணிந்து அங்கவடியையே எடுத்துவிட்டு, அது இருந்த உள்காதின் வாசலை மெல்லிய திசுவால் மூடி, டெஃப்லானால் செய்த மாற்று எலும்பைப் பொருத்தினார். டெஃப்லான் தெரியுமல்லவா, தோசை ஒட்டாத தவாவின் பூச்சு, அதேதான்! கேட்டது.

இன்று இன்னும் நுட்பம் கூடியிருக்கிறது. அடித்தட்டு முழுவதையும் எடுப்பதில்லை. லேசராலோ நுண்துளையிடும் கருவியாலோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒரு துளை, அதில் 0.6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பிஸ்டன், மறுமுனைக் கொக்கி பட்டடை எலும்பில். அவ்வளவுதான். மரத்துப்போக ஊசி போட்டே செய்வதுண்டு. கொக்கியை மாட்டிய கையோடு டாக்டர் மெல்லப் பேசுவார், ஆபரேஷன் மேசையில் படுத்திருப்பவர் பதில் சொல்வார். கைதேர்ந்தவர்கள் செய்தால் பத்தில் ஒன்பது பேருக்கு நல்ல பலன். நூறில் ஒருவர் என்ற அளவில் மிகச் சிலருக்கு அந்தக் காது அடியோடு கெட்டுப்போகும் ஆபத்தும் உண்டு என்பதால், முதலில் ஒரு காதை மட்டும் செய்வார்கள். ஆபரேஷன் வேண்டாம் என்றால் சாதாரணக் காது மெஷினே போதும். உள்காது நன்றாக இருப்பதால் ஒலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலே தெளிவாகக் கேட்கும்.

காதுத் துளையே இல்லாத குழந்தைக்கும் கேட்கும், தெரியுமா?

1952-ல் ஸ்வீடனின் பெர் இங்வார் பிரோனமார்க், முயல் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கருவி ஒன்றைப் பதித்திருந்தார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பும் டைட்டானியமும் ஒன்றோடு ஒன்று பிணைந்துவிட்டிருந்தன! இன்று ஊரெங்கும் போடும் பல் இம்ப்ளான்ட் அங்கே பிறந்ததுதான். காதுக்கு அதன் வரம் 1977-ல் வந்தது. அதே ஸ்வீடனின் யோத்தெபோரி நகரில் ஆண்டர்ஸ் செல்ஸ்ட்ரோம் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு டைட்டானியத் திருகாணியைப் பதித்து, அதன் மேல் அதிரும் கருவியை மாட்டினார். ஒலி துளையைத் தேடவே இல்லை, எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போய்விட்டது!

காதுமடல் சுருங்கி, துளையே திறக்காமல் பிறக்கும் குழந்தைகளுக்கு இது கண்கண்ட தெய்வம். பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இப்படிப் பிறக்கிறார்கள். வெளியே துளை இல்லாவிட்டாலும் உள்காது பெரும்பாலும் முழுசாக இருக்கும். திருகாணியைத் தாங்கும் அளவுக்கு மண்டையோடு தடிக்க ஏறத்தாழ ஐந்து வயதாக வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையே இல்லை! அதே கருவியை ஒரு மெல்லிய துணிப் பட்டையில் கோத்து, சில மாதக் குழந்தையின் தலையைச் சுற்றிக் கட்டிவிடலாம். கத்தி இல்லை, தையல் இல்லை, கட்டிய அன்றைக்கே அம்மாவின் தாலாட்டு கேட்கும். பேச்சு வருவதற்கு முதல் சில ஆண்டுகள்தாம் பொன்னான காலம் என்பதால் இரண்டு காதும் மூடியிருக்கும் குழந்தைக்கு ஒரு மாதம்கூட வீணாகக் கூடாது. மடலை அழகாகச் செதுக்கும் ஆபரேஷனைப் பிள்ளை வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. காது மூடிப் பிறந்த குழந்தையைப் பார்க்க நேர்ந்தால், ‘பெரியவனானதும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அந்த வீட்டார் சொல்வதற்கு முன்னால் இந்த மையத்தின் பெயரையும் எலும்புவழிக் கருவி என்ற பேச்சையும் அவர்கள் காதில் போட்டுவையுங்கள்.